நடுக்கடலில் நாற்பத்திரண்டு வீடுகள்

"வணக்கம் சொல்லவே இந்த ஆளுக்குப் பத்து நிமிஷமாகுது. பாடத்த எப்ப ஆரம்பிப்பாராம்?" என்றபடி கணவர் தேநீரைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். பஸ் ஓட்டுபவர், தாமதம் என்றாலே அவருக்கு ஆகாது.

புவியியல் டீச்சர் அந்த வீடியோவை மூடினாள். மூன்று நாளில் இது பதினோராவது. திங்கட்கிழமை, வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் ஆறு நர்சுகளுக்கு அவள் கணினி வரைபடம் கற்றுத்தர வேண்டும். போன மாதம் இன்சுலின் போடப் போன ஒரு நர்ஸ் வீடு தெரியாமல் அலைந்து போய்ச் சேர்ந்தபோது, நோயாளி மயங்கிக் கிடந்தாராம். அதற்குப் பிறகே சுகாதார அலுவலகம் விழித்துக்கொண்டது. "வரைபடம்னா நீங்கதானே டீச்சர்" என்று பொறுப்பை இவள் தலையில் கட்டிவிட்டு, செலவு என்றதும் கையை விரித்துவிட்டார்கள்.

மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. பாடம்தான் சிக்கவில்லை. ஒன்று இலவசம் என்று கூப்பிட்டுவிட்டு நாலாம் பக்கத்தில் வங்கி அட்டையைக் கேட்டது. இன்னொன்று எங்கோ இருக்கும் ஏரிகளுக்கு வண்ணம் தீட்டச் சொன்னது. கடைசியில், தடுப்பூசிப் பணியாளர்களுக்காக யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்த இருபத்திரண்டு பக்கக் கையேடு அகப்பட்டது. கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. அதன் பயிற்சிகளில், நர்சுகள் போனில் குறித்து அனுப்பிய நாற்பத்திரண்டு நோயாளி வீடுகளின் இருப்பிட எண்களைப் பட்டியலாகச் சேர்த்தாள்.

திங்கட்கிழமை எல்லோரும் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினார்கள். நாற்பத்திரண்டு வீடுகளும் நடுக்கடலில் போய் விழுந்தன.

மூத்த நர்ஸ் கேட்டாள்: "டீச்சர், எனக்கு நீச்சல் தெரியாதே. இவங்களுக்கெல்லாம் எப்படி ஊசி போடுறது?"

அறையே சிரித்தது. டீச்சருக்குக் காது மடல் சுட்டது. கணினிமேல் பழியைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பட்டியலைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பு என்னுதுதான். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாத்திப் போட்டுட்டேன். எங்க, நீங்களே திருப்பிப் போடுங்க பாப்போம்."

போட்டார்கள். மணியடித்ததும் வகுப்புக்கு ஓடும் பிள்ளைகளைப் போல் புள்ளிகள் அவரவர் தெருவில் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொரு நர்சுக்கும் ஒரு நிறம்.

"அக்கா, உங்க சிவப்பு ஒண்ணு எங்க தெருவுல என்ன பண்ணுது?" என்று மூத்த நர்சைக் கேட்டாள் கண்ணாடி போட்ட நர்ஸ்.

"அவருதான் அன்னிக்கு மயங்கினவரு. ரெண்டு பஸ் மாறிப் போறேன்டி."

"நான் தெனமும் அவரு வாசலத் தாண்டித்தான் வேலைக்கே வரேன். எங்கிட்ட விட்டுடுங்க."

"சும்மாவா? ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிற உன்னோட மூணு நீலத்த எனக்குக் குடு."

அவ்வளவுதான், வகுப்பு காய்கறிச் சந்தையாகிவிட்டது. "எனக்கு ஒரு பச்சை!" "அந்த மஞ்சள் என்னுது!" டீச்சரை யாரும் கவனிக்கவில்லை. அவள் ஒரு ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

நேரம் முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மூத்த நர்ஸ் வான்படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய்த் தன் வீட்டுக்கே வந்து நின்றிருந்தாள்.

"டீச்சர், மொட்டை மாடியில வெள்ளையா ஏதோ தெரியுதே. அது நான் காயப்போட்ட யூனிஃபார்மா?"

ஆறு தலைகளும் அந்த ஒரு திரைமேல் கவிழ்ந்தன.