உறை போட்ட நாற்காலி

நீச்சல் குளத்தின் ஆழமான முனையில் அந்த நாற்காலி, வாங்கி வந்த அன்று இருந்த பிளாஸ்டிக் உறையோடு நின்றது. நடக்க முடியாதவர்களை உட்கார வைத்து, கைப்பிடியைச் சுற்றித் தண்ணீருக்குள் இறக்குவதற்கான நாற்காலி. அதன் இரும்புக் கையைத் தூணோடு சேர்த்துப் பெரிய பூட்டு ஒன்று பிடித்திருந்தது.

சக்கர நாற்காலியில் வந்த அம்மாவின் கண் முதலில் பூட்டில்தான் விழுந்தது. தொழில் புத்தி. கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவள். ஊருக்கே சாவி அக்கா. பக்கத்தில் மகள் நடுங்கிக்கொண்டு நின்றாள். குளிர் பாதி, பயம் பாதி. ஆழம் குறைந்த பக்கத்தில் மீன்குஞ்சு மாதிரி நீந்துகிறவள், இந்த முனைக்கு வந்தால் கல்லாகிவிடுவாள். "நீ எறங்கினா நானும் எறங்கறேன்" என்று சொல்லியிருந்தாள். அம்மாவும் வாக்குக் கொடுத்துவிட்டாள். கால்கள் மறந்தாலும் கைகள் நீச்சலை மறக்கவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கழுத்தில் விசில் ஆட, மேனேஜர் ஓடி வந்தார்.

"வாங்க சாவி அக்கா! பாத்தீங்களா, எப்படி வெச்சிருக்கேன்? வாராவாரம் நானே தொடைக்கிறேன். ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."

"கீறல் எப்படி விழும்? யாராவது உக்காந்தாத்தானே?"

"பசங்க ஏறி ஆடறாங்கக்கா. அதான் பூட்டினேன்."

"சரி. இப்ப தொறங்க."

மேனேஜர் சட்டைப்பையைத் தடவினார். மேசை இழுப்பறையைக் கொட்டிக் கவிழ்த்தார். வீட்டுக்குப் போன் போட்டு, "பத்திரமா வைன்னு உங்கிட்டதானே குடுத்தேன்?" என்று மனைவியிடம் கேட்டார். கிடைத்த பதில் அவர் முகத்திலேயே தெரிந்தது. சாவி அவ்வளவு பத்திரமாக இருந்தது.

"நாலு ஆளக் கூப்பிடறேன்க்கா. அலுங்காம தூக்கி எறக்கிடுவாங்க."

"நான் என்ன சிமெண்ட் மூட்டையா?"

"அப்படின்னா நீங்களே ஒரு கை பாத்துடுங்களேன். உங்களுக்கு இதெல்லாம் ஒரு பூட்டா?"

"ஆமாம்மா, பையில கம்பி இருக்குல்ல?" என்றாள் மகள்.

இருந்தது. அந்த ரகப் பூட்டை அவள் ஊர்க்கதை பேசிக்கொண்டே திறப்பாள். கை பைக்குள் போய்விட்டது. விரலில் கம்பியும் தட்டுப்பட்டது. மகள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையை வெளியே எடுத்து, பையின் ஜிப்பை மூடினாள்.

"நான் தொறந்தா இன்னைக்கு என் வேலை முடிஞ்சுடும். நாளைக்கு ஒரு வாத்தியார் வீல்சேர்ல வருவாரு. அவரும் பூட்டு ரிப்பேர் கத்துக்கிட்டு வரணுமா?"

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"மத்தவங்க சொல்லிட்டா வர்றாங்க? சட்டம் சார் இது. ஊருக்காகக் குளம் நடத்தறீங்கன்னா, நாங்க வந்து கேக்கறதுக்கு முன்னாடியே வழி தயாரா இருக்கணும். நாற்காலி வாங்கினதோட உங்க கடமை முடியல. அது எறங்கணும். பூட்டி வெச்சா வாங்காத மாதிரிதான்."

மேனேஜரின் முகம் சுருங்கியது. "எம்மேல கோவமாக்கா?"

"கோவம் என்ன கோவம்? ரம்பம் இருக்கா?"

பம்ப் அறையிலிருந்து ரம்பம் வந்தது. மேனேஜர் டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மண்டியிட்டார். நீந்திக்கொண்டிருந்தவர்கள் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி வேடிக்கை பார்த்தார்கள்.

"வளையத்த அறுங்க சார், பூட்டக் கொல்லாதீங்க. மெதுவா. பிளேடு ஒடிஞ்சா அதுக்கும் அலையணும்."

பூட்டு கீழே விழுந்தது. உறையை மகளே கிழித்தாள். மேனேஜர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா கைகளை ஊன்றி, தானே நாற்காலிக்கு மாறினாள். அவர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, வேலை செய்து பழகாத இரும்பு முனகியது. நாற்காலி ஆடி அசைந்து இறங்கியது. பாதம் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை.

"சார், கொஞ்சம் வேகமா!" என்றாள் மகள். பொறுக்கவில்லை. தொப்பென்று குதித்தாள். ஆழமான முனையில்தான். மூக்கில் தண்ணீர் ஏற மேலே வந்து, "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று கத்தினாள்.

மேனேஜர் வியர்வையைத் துடைத்தார். "அக்கா, உங்க கடையிலேயே நல்ல பூட்டா ஒண்ணு..."

"எங்கிட்ட எல்லாப் பூட்டும் கிடைக்கும் சார். இதுக்கு மட்டும் கிடைக்காது."

"பசங்க ஏறினா?"

"கழுத்துல விசில் எதுக்குத் தொங்குது?"

சொல்லிவிட்டு, தண்ணீருக்குள் இறங்கிவிட்ட நாற்காலியிலிருந்து அம்மா நழுவி, மகள் இருந்த பக்கம் கையை வீசி நீந்தினாள்.