சித்திக்கு ஓர் உருண்டை

சாக்லேட் உருண்டை செய்யலாம் என்றவள் பெரியவள். ஒன்பது வயதுதான், ஊருக்கே யோசனை சொல்வாள். "புது வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாதும்மா" என்றாள். புது வீடு என்றால் அவர்களுடைய அப்பாவின் வீடு. எனக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, அதிலும் ராத்திரி ஷிப்ட். ராத்திரியில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நீதிபதி கேட்டார். தீர்ப்பு அப்பா பக்கம் போயிற்று. இனி பள்ளி நடக்கும் நாளெல்லாம் அங்கே, லீவு விட்டால் இங்கே. அன்று சாயங்காலமே அவர்களுடைய அப்பா வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு.

அங்கே அவருடைய புது மனைவி இருக்கிறாள். சித்தி என்று கூப்பிட வேண்டுமாம், போனிலேயே பாடம் எடுத்துவிட்டார்.

சாக்லேட்டைச் சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கினோம். அரை உருண்டை அச்சுகளில் கரண்டியால் தடவி ஃபிரிட்ஜில் வைத்தோம். கெட்டியானதும் எடுத்தால் குட்டிக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் சர்க்கரை கலந்த கோகோ பொடியும் பஞ்சு போன்ற மார்ஷ்மெல்லோ மிட்டாயும் போட்டு, இன்னொன்றின் விளிம்பைச் சூடான தட்டில் லேசாக இளக்கி, மேலே கவிழ்த்து ஒட்ட வேண்டும். கோப்பையில் போட்டுக் கொதிக்கும் பாலை ஊற்றினால் உருண்டை திறந்து பாலில் கரையும், அப்படியே குடிக்கலாம். பொடி போடுவது என் வேலை, மார்ஷ்மெல்லோ போடுவது சின்னவன் வேலை. ஐந்து வயதுக்காரனிடம் அந்த வேலையைக் கொடுத்தது என் தப்பு, பாதி அவன் வாய்க்குள் போயிற்று.

"இது சித்திக்கு" என்று பெரியவள் ஒரு கிண்ணத்தைத் தனியாக நகர்த்தினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. எரியாதா? வீட்டுக்காரரையும் கொடுத்து, பிள்ளைகளையும் கொடுத்து, கூடவே இனிப்பும் கட்டிக்கொடுத்து அனுப்ப நான் என்ன தர்ம சத்திரமா நடத்துகிறேன்? சர்க்கரை கலக்காத கோகோ டப்பா பக்கத்திலேயே இருந்தது. இரண்டு கரண்டி அள்ளி அதில் போட்டு ஒட்டிவிட்டேன். முதல் வாயிலேயே அவள் முகம் போகிற போக்கை நினைத்தபோது சிரிப்புகூட வந்தது.

துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டுத் திரும்பி வந்தால், சின்னவன் எல்லா உருண்டைகளையும் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி முடித்திருந்தான்.

"சித்திக்கு வெச்சது எதுடா?"

"அது அழகாவே இல்லம்மா. எல்லாத்தையும் கலைச்சு, பளபளன்னு இருக்கறத அவங்களுக்கு எடுத்துட்டேன்."

"அவங்க என்ன மகாராணியா?"

"அவங்களுக்கு என்னப் புடிக்கணும்ல?" என்றான். "சத்தம் போட்டா அவங்களுக்குப் புடிக்காதாம், அப்பா சொன்னாரு. நான் சத்தம் போடுவேன்ல. அதான் இதாவது நல்லா இருக்கணும்."

கசப்பு யார் கோப்பையில் விழும் என்று இனி எனக்கே தெரியாது. அவள் கோப்பையிலேயே விழுந்தால்? அவள் குடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பானே என் பிள்ளை.

ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தேன்.

சின்னவன் வீறிட்டு அழுதான். பெரியவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "நாங்க போறோம்னு கோவமாம்மா? நாங்களா கேட்டோம்?"

"கோவம் இல்லடி. ஒண்ணுல சர்க்கரை இல்ல. எதுன்னு தெரியல."

"தெரியாமப் போட்டுட்டியா?"

நான் பொடியைத் தட்டிக் கொட்டினேன். அவள் சர்க்கரை கலக்காத டப்பாவை இறுக மூடி அலமாரியில் ஏற்றினாள். பிறகு சர்க்கரை கலந்த டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள்.

மறுபடியும் உருக்கினோம், தடவினோம். கடைசி உருண்டையை ஒட்டும்போது வாசலில் ஹாரன் அடித்தது. அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். இருப்பதிலேயே வழவழப்பானதை எடுத்து, சித்திக்கென்று பெட்டியின் நடுவில் வைத்தேன். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு பொறுப்பாகச் செய்ததில்லை.

காரில் ஏறியதும் சின்னவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

"பால் கொதிக்கணும். நீ ஊத்தாத, சுடும். சித்தியே ஊத்தட்டும்" என்றேன்.

"அம்மா, அவங்களுக்கு இது ரொம்பப் புடிச்சிட்டா?"

"புடிக்கும்."

"அப்ப என்னையும் புடிக்கும்ல? அங்கயே வெச்சுக்குவாங்கல்ல?"

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டியரிங்கில் இருந்தவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வேண்டாம் கண்ணு, அங்கே யாருக்கும் உன்னைப் பிடிக்க வேண்டாம், என்னிடமே இருந்துவிடு என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"வெச்சுக்குவாங்கடா" என்றேன்.

அவன் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. எனக்கு டாட்டா காட்டக்கூட மறந்து, பெட்டி ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனான்.