இருபது டப்பா பேசில்

ஓட்டல்காரர்கள் திருப்பி அனுப்பிய இருபது டப்பாக்களையும் மாமியார் சாப்பாட்டு மேஜை மேல் வரிசையாகத் திறந்து வைத்தாள். முந்தின நாள் பச்சைப் பசேலென்று அடைத்த பேசில் இலைகள் மை தடவினாற்போல் கறுத்துக் கிடந்தன.

வேலைக்கு வரும் ஆறு பெண்களும் சமையலறைப் பின்கட்டில் வந்து நின்றார்கள். மருமகள் அடுப்புப் பக்கம் திரும்பி, காய்ந்த பாத்திரத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து வெட்டினவங்கள்ல யாரு வரக்கூடாத நாள்ல வந்தவ?" என்று கேட்டாள் மாமியார். குரல் உயரவே இல்லை. அவள் உண்மையாகக் கோபப்பட்டால் அப்படித்தான்.

அந்த வீட்டில் நான்கு வருஷமாக ஒரு சட்டம் உண்டு. காய்கறி போட்டு நொடித்துப்போன நிலத்தில் இரண்டு பசுமைக்குடில் கட்டி, பேசில், பார்ஸ்லி, தைம் என்று ஓட்டல் சமையலுக்கான வாசனை இலைகளைப் பயிரிடலாம் என்று யோசனை சொன்னவள் மருமகள். மாதிரிக் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டல் ஓட்டலாகப் பின்வாசல் ஏறி இறங்கி ஆர்டர் பிடித்தவளும் அவள்தான். மாமியார் ஒரே நிபந்தனையின் பேரில் சம்மதித்தாள். பேசில் துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, தீட்டு தாங்காது. மாதவிலக்கான பெண் எவளும் குடிலுக்குள் கால் வைக்கக் கூடாது. இலை கட்டும் அறையில் ஒரு காலண்டரை மாட்டினாள். அவரவர் நாள் வந்தால் அவரவர் பேருக்கு நேரே கோடு போட்டுவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்க வேண்டும். வராத நாளுக்குக் கூலி கிடையாது. பெண்கள் அதற்கு 'காலண்டர்ல போறது' என்று பேர் வைத்துச் சிரித்துக்கொள்வார்கள். மருமகளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அவள் பேர் காலண்டரில் இல்லை. தன் நாட்களை அவள் மாமியாரிடம் சொன்னதும் இல்லை.

"நான்தான், பெரியம்மா."

சொன்னவள் கத்தரிக்கோல். இரண்டு கணு விட்டு மூன்றாவது கணுவுக்கு மேலே, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் பிசகாத கை என்பதால் வந்த பட்டப்பெயர். வெட்டிய இடத்தில் இரண்டு கிளை வெடித்து வரும். "இத்தனூண்டு இலைய சோத்து மேல வச்சு இந்த விலை வாங்கறானே, ஆடு பாத்தா அழும்" என்று அவள் சொன்ன பிறகு குடிலே ஒரு வாரம் சிரித்தது.

சொல்லிவிட்டு அவள் ஒரே ஒரு தடவை மருமகளைப் பார்த்தாள். மருமகள் பாத்திரத்தை இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

இரண்டு நாள் முன்பு, பெரிய விருந்துக்கான ஆர்டர் வந்த அன்று, கத்தரிக்கோல் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு நான் காலண்டர்ல போயிடுவேன், சின்னம்மா" என்று சொன்னாள். "இந்த ஒரு நாள் வந்துடு. கோடு போடாதே. நான் பாத்துக்கறேன்" என்று பதில் சொன்னவள் இதே மருமகள்தான்.

இப்போது அவள், இதோ சொல்லப் போகிறேன், இதோ, என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் மாமியார் கத்தரிக்கோலை இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். கத்தரிக்கோல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் போன் செய்தார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

"அம்மா, பேசிலைக் குளிர் அறையில வச்சீங்களா? பார்ஸ்லி தாங்கும், இது தாங்காதும்மா. ஒரே ராத்திரியில கறுத்துடும். பூங்கொத்து மாதிரித் தண்ணியில நிக்க வச்சு வெளியிலயே வைங்க."

குளிர் அறை வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அது தண்டச் செலவு என்ற மாமியாரோடு ஒரு மாதம் மல்லுக்கு நின்று அதை வாங்க வைத்தவள் மருமகள். அதுவரை விடியலில் வெட்டியதை அப்போதே வண்டியில் ஏற்றிவிடுவார்கள். குளிர் அறை வந்த பிறகும், பேசில் ராத்தங்கியது அந்த விருந்து ஆர்டருக்காக அதுதான் முதல் தடவை. அந்த இருபது டப்பாவையும் தன் கையால் உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்தியவளும் அவள். காலையில் மூடியைத் திறந்து பார்க்காமலே வண்டியில் ஏற்றினார்கள்.

வண்டி ஓட்டும் கணவனிடம் சொன்னாள். அவன் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டான். "இப்ப போய் ஏன் கிளறறே? கூலரை வாங்கினதே தப்புன்னு அம்மா ஆரம்பிப்பாங்க. அவளுக்கு வேற வேலையா கிடைக்காது?"

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் போல அவள் சரியென்று தலையாட்டினாள். பிறகு அந்தத் தலையாட்டலை நினைத்து அவளுக்கே கூசியது.

ஒன்பது நாள் இப்படியே ஓடியது. மற்றவர்கள் அடியோடு ஒட்ட வெட்டியதில் பாதிச் செடி மொட்டையாக நின்றது. மீதியில் பூ வந்து இலை கசந்தது. பத்தாம் நாள், இலை கட்டும் அறையில் இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்தது. பக்கத்து நாற்றுப் பண்ணையில் கத்தரிக்கோல் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். 'செடியக் கருக்கறவ' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

மறுநாள் விடியலில் மருமகள் தானே குடிலுக்குள் போனாள். இரண்டு டப்பா நிறைய பேசில் வெட்டினாள். ஒன்றைக் குளிர் அறையில் வைத்தாள்; மற்றதை அலமாரியில் வைத்தாள். அடுத்த நாள் காலை, பெண்கள் எல்லாரும் வந்த பிறகு மாமியாரையும் கூப்பிட்டு இரண்டையும் திறந்தாள். ஒன்று கறுப்பு. ஒன்று பச்சை.

"ரெண்டும் நான் வெட்டினது, அத்தை. கறுத்தது கூலர்ல வச்சது. அன்னைக்கு இருபதையும் அதுல வச்சவ நான்தான். அவளைக் கோடு போடாம வரச் சொன்னதும் நான்தான்." பச்சை டப்பாவை முன்னால் நகர்த்தினாள். "நேத்து எனக்கு ரெண்டாம் நாள்."

மாமியார் பச்சை டப்பாவையே பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "அதையும் கொட்டு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மருமகள் கொட்டவில்லை. பச்சை டப்பாவில் லேபிளை ஒட்டி மற்றவற்றோடு வண்டியில் ஏற்றினாள். காலண்டரைக் கழற்றிச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கினது போலிருந்தது. அந்தக் கையோடு, செருப்பில் மண் ஒட்டியபடி, கத்தரிக்கோல் வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் நல்ல செய்தி கொண்டுபோகிறவள் போல வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டே போனாள்.

ஒற்றை அறை வீடு. வாசற்படிக்கு வெளியே, கத்தரிக்கோலின் பதினைந்து வயது மகள் ஒரு சாக்கை விரித்து ஒண்டி உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தனித் தட்டு, தனி டம்ளர். வெயில் அவள் நோட்டு வரை வந்துவிட்டது.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த கத்தரிக்கோல் எழுந்து வந்தாள். கோபமில்லை. அதுதான் மருமகளை முதலில் கலக்கியது.

"நானே வந்து மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன், சின்னம்மா. யோசிச்சுப் பாத்தேன். என் கை பட்டுத்தான் கருகியிருக்கும். உங்க பெரிய ஆர்டரே போச்சு. இனிமே அந்த நாள்ல நான் ஒண்ணையும் தொடறதா இல்ல. பொண்ணுக்கும் சொல்லிட்டேன்."

மருமகள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வழியில் கோர்த்த வார்த்தைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. குளிர் அறை, போன், இரண்டு டப்பா, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாக உளறினாள். தன் இரண்டாம் நாளையும் சொன்னாள். முதலில், தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்வதாக நினைத்துக் கத்தரிக்கோல் மெல்லச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

"போன் எப்ப வந்துச்சு?"

"நீ போன மறுநாள்."

கத்தரிக்கோல் விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்ததும் கையைக் கீழே போட்டாள்.

"பத்து நாளுக்கு மேல தெரிஞ்சிருக்கு உங்களுக்கு."

"தப்புதான். அதுக்குத்தான் இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்தேன். காலண்டரையும் எடுத்துட்டேன். நாளையிலேருந்து வந்துடு. உன் கை இல்லாம குடிலே குடிலா இல்ல."

"இலை ஏன் கறுத்துச்சுன்னு சொன்னீங்க. சரி. ஆனா அந்த நாள்ல கை பட்டா இலை கறுக்காதுன்னு நாலு வருஷமா உங்களுக்குத் தெரியும். உங்க நாள்ல உங்க கையும்தான் அதுல பட்டுச்சு. நாங்க கோடு போட்டு, கூலிய விட்டுட்டு வீட்டுல கிடந்தப்ப ஏன் பேசல?"

மாமியார், கணவன், கடன், ஆர்டர் என்று மருமகளுக்கு என்னென்னவோ சொல்லத் தோன்றியது.

"வேலைக்கு வரியா?" என்று மட்டும் கேட்டாள்.

"யோசிக்கணும்" என்றாள் கத்தரிக்கோல். பிறகு மருமகளைத் தாண்டி வாசலைப் பார்த்து, "நோட்டை எடுத்துக்கிட்டு உள்ள வா. வெயில்ல என்ன எழுத்து? அம்மா தெரியாம சொல்லிட்டேன். வா, இங்க உக்காரு" என்று மகளைக் கூப்பிட்டாள்.

பெண் நம்பாதவள் போல ஒரு கணம் தயங்கினாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மருமகள் மேல் படாமல் ஒதுங்கி, படி தாண்டி உள்ளே போனாள். கத்தரிக்கோல் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, விட்ட துணியை மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

படிக்கு வெளியே இப்போது நின்றுகொண்டிருந்தவள் மருமகள் ஒருத்திதான். அவளை யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை.