உருகிய உப்பு

ஜோவிதா ஃபர்னஸைத் திறந்தபோது உப்பு வில்லை தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நெம்பி எடுத்தாள். அடியில் கண்ணாடிபோல் உறைந்த உப்பு. மூன்றாவது முறையும் நூற்று முப்பது சுற்றுக்குள்தான் ஒழுகியிருந்தது.

தாம்பரத்தை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஆறு வருடம். ஐந்நூறு டிகிரியில் உருகும் ஓர் உப்புக் கலவை. உருகும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும், உறையும்போது திருப்பித் தரும்; ஒருமுறை உருகி உறைந்தால் ஒரு சுற்று. உருகிய உப்பு வழியாமல் தன் துளைகளில் பிடித்துவைக்க மெக்னீசியாப் பொடி. இரண்டையும் கலந்து அழுத்தினால் வில்லை, பெரிதாகச் செய்தால் செங்கல். அந்தப் பொடி ஆயிரம் சுற்று தாங்கும் என்று அவளுடைய கைடு தோத்தாத்ரி ஒரு கம்பெனிக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்.

"நூறு வரைக்கும் போட்டு கிராஃபை முடிச்சிடும்மா" என்றார் அவர், தலை நிமிராமல்.

"அதுக்கப்புறம் ஒழுகுது சார். வேற பொடி பார்க்கணும்."

"வேற பொடின்னா இன்னும் ரெண்டு வருஷம். உன் ஸ்டைபெண்ட் மார்ச்சோட முடிஞ்சாச்சு. யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருந்தது? அவர் கையெழுத்தில்லாமல் தீசிஸ் இல்லை. கைடு மாறவும் அவர் கையெழுத்துதான். அனகாபுத்தூர் வீட்டில் 'எப்போ முடியும்' என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். அவள் கிராஃபை நூறில் வெட்டினாள்.

மறுவாரம் பெருங்களத்தூர்ப் பக்கம் அந்தக் கம்பெனியின் ஷெட்டுக்கு, பெட்டியைப் பார்த்துவரத் தோத்தாத்ரி அவளை அனுப்பினார். அதே பொடியில் செய்த நாற்பது செங்கல் அடுக்கிய இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆபரேட்டர் லாசரஸ் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். காலில் ரப்பர் செருப்பு.

"மேடம், நாளைலேர்ந்து நான்தான் இதாண்ட நிக்கணும். உள்ள உப்பு தண்ணியாயிடும்ன்றாங்க. வெளிய வராதில்ல?"

பெட்டியின் அடித்தகட்டுக்கும் அவர் காலுக்கும் ஒரு சாண் இடைவெளி. 'வராது' என்று சொல்லத்தான் ஜோவிதா வாயைத் திறந்தாள்.

"வரும்ண்ணா. நூறு தடவைக்கு மேல எப்போ வேணா வரும்" என்றாள். "கிராஃபை வெட்டினது நான்தான். ஓனரைக் கூப்பிடுங்க."

ஓனர் வந்தார். ஒழுகிய மூன்று வில்லைகளையும் எடுத்துவைத்திருந்த படங்களைச் செல்போனில் காட்டினாள். அவர் அங்கேயே தோத்தாத்ரியை அழைத்தார். "உங்க ஸ்டூடண்டே சொல்றாங்க சார்" என்பது மட்டும் அவளுக்குக் கேட்டது. அன்றே பெட்டியைப் பிரித்துவிட்டார்கள்.

மறுநாள் தோத்தாத்ரி திட்டவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னேனே சார்."

அவர் இரண்டு படிவங்களை மேஜைமேல் நகர்த்தினார். ஒன்று, விலகல். மற்றது, இரண்டு வருட நீட்டிப்பு: ஸ்டைபெண்ட் கிடையாது, புதுப் பொடி, கைடு அவரேதான்.

ஜோவிதா வராண்டா பெஞ்சில் மதியம்வரை உட்கார்ந்திருந்தாள். விலகினால் ஆறு வருடமும் வீண். நீட்டித்தால் இதே மனிதரிடம் இன்னும் இரண்டு வருடம். இடையில் லாசரஸ் போனில் அழைத்தார்.

"எனக்கு வேற மெஷின் குட்த்துட்டாங்க மேடம். உங்களுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணா. இங்கயேதான் இருக்கேன்."

நீட்டிப்புப் படிவத்தில் கையெழுத்திட்டாள். அதை வாங்கிக்கொண்ட தோத்தாத்ரி, தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். போட்டுக் கொடுத்தாள்.