ஒட்டுவாரொட்டி இல்லை

இந்தக் காலத்தில் ஒருத்தர் இருமினால் போதும், பக்கத்தில் இருக்கிறவன் பாம்பைக் கண்டதுபோல் நகர்ந்துகொள்கிறான். மின்சார ரயிலில் ஹபிபுல்லாவின் மகள் இஃபத் இரண்டு தரம் இருமியதும், ஒட்டி உட்கார்ந்திருந்தவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே போய்விட்டாள். "போவட்டும், காத்தாவது வரும்" என்றார் கூட வந்த ஹபிபுல்லா, எழுந்து போனவள் காதில் விழும்படியே.

வெளியாளை விடலாம். நெமிலிச்சேரியில் இஃபத்தின் மாமியார் ஜீனத்தே இது காசநோய் என்று முடிவு கட்டிவிட்டாள். நான்கு வயதுப் பேரன் முதஸ்ஸிரை ஒரு மாதமாகத் தாயிடம் அண்ட விடவில்லை. ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள்.

காகிதம் இன்று கிடைத்துவிட்டது. ஹபிபுல்லாவுக்குத்தான் அதில் நம்பிக்கை இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வலிப்புக்கு மாத்திரை தின்ன ஆரம்பித்த மூன்றாம் வாரம், அது ஒத்துக்கொள்ளாமல் இஃபத்துக்கு உடம்பெல்லாம் கொப்புளித்துத் தோல் உரிந்தது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். தோல் ஆறியது, மூச்சு வாங்குவது அடங்கவில்லை. இன்றைக்குக் குழாயில் ஊதச் சொல்லி, படமும் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, அப்போது மூச்சுக்குழாயின் உள்பக்கமும் அதே மாதிரி வெந்துபோனது, ஆறிய தழும்பு சின்னக் குழாய்களை அடைத்துவிட்டது, இனி முழுசாகத் திறக்காது, மருந்தை உறிஞ்சிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான் என்றாள். சளியிலும் காசநோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது. தெரியாததை மறைக்கத்தான் இத்தனை பேச்சு என்று ஹபிபுல்லாவுக்குப் பட்டது.

நெமிலிச்சேரி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஜீனத் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்கிலீசுல எழுதிக்கீது, எனக்கு இன்னா தெரியும்? நீங்க நம்புறீங்களா சம்மந்தி?"

ஹபிபுல்லா பொய் சொல்லிப் பழகாதவர். இஃபத் பாதி குடித்து வைத்த டீ டம்ளர் ஜன்னலோரம் தனியாக இருந்தது. அதை எடுத்து மீதியை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஒட்டுனா மொதல்ல எனக்கு ஒட்டட்டும். புள்ளைய உடும்மா."

"உங்களுக்கு இன்னா, வாழ்ந்து முடிச்சிட்டீங்க" என்றாள் ஜீனத். ஆனாலும் உள்ளே திரும்பிப் பேரனைக் கூப்பிட்டாள். அவன் ஓடிவந்து தாயின் மடியில் ஏறினான். இஃபத் இருமலை அடக்கிக்கொண்டு அவனை இறுக்கிப் பிடித்தாள்.

சாப்பிட்டுப் போகச் சொல்லியும் ஹபிபுல்லா நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். வேறு டாக்டரிடம் காட்ட வேண்டும். காட்டினாலும் அவனும் இதையேதான் சொல்லுவான். எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டம்.