ஏட்டின் மேல் ஒரு சிட்டிகை

வெள்ளையம்மாள் தராசில் முட்டையை வைத்து, மறுதட்டில் ஒரு எடைக்கல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதை, பாஞ்சாலி அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாமிக்குப் படைக்கிறவளைப் போல அத்தனை கவனம். பக்கத்தில் ஏழு வயதுப் பூமாலை வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

அந்த வாய் போன மாதம் வரை பாஞ்சாலிக்குச் சொந்தமாக இருந்தது. பெற்றவள் வெள்ளையம்மாள் விடியலில் கழனிக்குப் போய்விடுவாள். பிள்ளையில்லாத பாஞ்சாலிதான் ஓரகத்தி மகளுக்கு ஊட்டுவாள். தன் மாட்டுத் தயிரின் மேலேட்டை வழித்து, ரேஷன் சர்க்கரை ஒரு சிட்டிகை தூவி வைத்தால், பூமாலை கண்ணை மூடிச் சப்புக்கொட்டுவாள். பிறகு வலிப்பு வந்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. திண்டிவனத்து டாக்டரம்மாள் சோறு, களி, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தி, முட்டை, வெண்ணெய், நல்லெண்ணெய், கீரை என்று ஒரு தாளில் அளவோடு எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து வெள்ளையம்மாளே தராசில் நிறுத்து ஊட்டினாள். பதினெட்டு நாளாக வலிப்பு வரவில்லை. பாஞ்சாலி அங்காளம்மனுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டாள்தான். ஆனால் கும்பிடும்போதே நெஞ்சு எரிந்தது. குழந்தை தேறியது அம்மா கையால். பெரியம்மா கைக்கு அங்கே வேலையில்லை.

"வெண்ணெய் ஆவுமாம். ஏடு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றாள்.

"எனக்கு இன்னாக்கா தெரியும்? வெள்ளிக்கெழம போறோம், நீயும் வா. நீயே கேளு."

வெள்ளிக்கிழமை திண்டிவனம் போகிற பஸ்ஸில் பாஞ்சாலி மடியில் ஏடு வழித்த தூக்குப் பாத்திரம். பூமாலை அம்மா மடியில் தூங்கினாள். பாஞ்சாலி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மாள் மூடியைத் திறந்து, கரண்டியால் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். "தாராளமா குடுக்கலாம். புளிச்சிருந்தாலும் பரவால்ல. அடியில தயிர் ஒட்டக் கூடாது. நிறுத்துக் குடுங்க, அதுக்கேத்த மாதிரி வெண்ணெயக் கொறச்சிக்கங்க. ஆனா சர்க்கரை ஒரு சிட்டிகைகூடச் சேரக் கூடாது. சேந்தா இத்தனை நாள் பட்ட பாடு வீண், வலிப்பு திரும்ப வந்துடும்."

திரும்பும் வழியெல்லாம் பாஞ்சாலி ஜெயித்தவளைப் போல உட்கார்ந்து வந்தாள்.

மறுநாள் காலை வெள்ளையம்மாள் தராசைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். "நீயே குடுக்கா. நான் கழனியில மல்லாட்டைச் செடி புடுங்கப் போறேன்." படலைச் சாத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பாஞ்சாலி ஏட்டை வழித்து, நிறுத்து, கிண்ணத்தில் வைத்தாள். பூமாலை விரலால் தொட்டு நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"புளிக்குது. சக்கரை போடு பெரிம்மா."

"டாக்டரம்மா கூடாதுன்னுட்டாங்க இல்ல?"

"கொஞ்சூண்டு. அம்மாகிட்ட சொல்லமாட்டேன். அம்மா ஒரே பேஜாரு. நீதான் நல்ல பெரிம்மா."

ஒரு மாதமாகப் பாஞ்சாலி ஏங்கிக் கிடந்த சொல் அது. டப்பா கைக்கெட்டும் மாடத்தில் இருந்தது. அவள் கை தானாகப் போய் மூடியைத் திறந்தது. ஒரு சிட்டிகைதான். யாருக்குத் தெரியும்? விரல்கள் சர்க்கரைக்குள் இறங்கின. தரையில் தராசு கிடந்தது, அறுந்த கயிற்றில் வெள்ளையம்மாள் போட்ட முடிச்சோடு. போகும்போது அவள் சந்தேகப்பட்டு ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால்கூட, பாஞ்சாலி போட்டிருப்பாள். பாவி, பார்க்கவேயில்லையே.

விரலை உதறி டப்பாவை மூடினாள். கையைக் கழுவிவிட்டு, நிறுத்து வைத்த கிண்ணத்தைத் தொடாமல், சட்டியிலிருந்து ஒரு கரண்டி ஏட்டை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். புளிப்பு பல்லில் ஏறியது. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

பூமாலை கெக்கலி கொட்டிச் சிரித்தாள். "ஐய, பெரிம்மா மூஞ்சியப் பாரு!"

"உன் மூஞ்சி மட்டும் கோணாதாடி? துன்னு காட்டு, பாக்கலாம்."

சிரிப்பு நின்றது. பூமாலை மாடத்து டப்பாவைப் பார்த்தாள், பெரியம்மாவின் கோணிய முகத்தைப் பார்த்தாள். பாஞ்சாலி கிண்ணத்து ஏட்டைக் கரண்டியில் எடுத்து நீட்டினாள். உதடுகள் மெல்லப் பிரிந்தன, முழுதாக அல்ல, ஒரு நெல்மணி நுழையும் அளவுக்கு. வாய்க்கு முன்னால் கரண்டி அசையாமல் நின்றது.