நாக்கில் இரண்டு சொட்டு

எந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாலும் சோதிக்காமல் நான் வாயைத் திறக்க மாட்டேன். எங்கள் ஊர் கொனொங்கோவில், குடிநீர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. அங்கே இது நல்ல குணம். வீட்டில் இதற்குப் பெயர் திமிர்.

அன்று என் அக்கா கொனாடுவின் மகன் பிறந்து எட்டாம் நாள். விடிந்ததும் பெயர் வைக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி குழந்தையின் நாக்கில் தண்ணீர் ஒரு சொட்டு, ஜின் சாராயம் ஒரு சொட்டு வைப்போம். வைக்கிறவரின் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதனால் யார் வைப்பது என்று முற்றத்தில் ஒரே ரகளை.

"சர்ச் மூப்பர் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். வேற யார் வைக்கணும்?" என்றார் ஒஃபோசு, அத்தானின் அண்ணன்.

"நீங்க வச்சா அவனும் தொட்டதுக்கெல்லாம் முழங்கால் போடுவான்ணே," என்றான் என் தம்பி பாடு. பள்ளியில் இயற்பியல் வாத்தியார். "மேல ஒருத்தரும் இல்ல. நான் வைக்கிறேன், பையன் யோசிக்கவாவது செய்வான்."

"உன் வாயில புழு விழ!"

அக்கா பாயிலிருந்து எழுந்தாள். "ரெண்டு பிள்ளைங்களை மண்ணுல வச்சேன். ரெண்டும் எட்டாம் நாளைப் பாக்கல. அப்போ நீங்க கர்த்தர் சித்தம்னீங்க மாமா. இவன் கர்த்தரே இல்லன்னான். ஏன்டி இப்படி ஆச்சுன்னு செர்வாவைக் கேட்டேன். தெரியலக்கான்னு சொல்லிட்டு எங்கூட உக்காந்து அழுதா. அவதான் வைக்கணும்."

செர்வா என்று அவள் சொன்னது என்னைத்தான்.

ஒஃபோசு விடவில்லை. "சரி. ஆனா பேர் சொல்றப்போ 'கர்த்தர் குடுத்த பிள்ளை'ன்னும் சொல்லணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பயந்துபோன பார்வை. இந்தப் பிள்ளையை உயிரோடு தங்க வைக்கும் என்றால் எதையும் விட்டுவிட அவள் தயாராக இல்லை. ஒரே ஒரு பொய்தானே, சொல்லித் தொலைப்போம் என்று தலையாட்டினேன். நாக்குத் தழும்பேற அதைச் சொல்லும் மூப்பருக்காவது அது உண்மை. எனக்கு என்ன என்பதுதான் உறுத்தியது.

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். முதல் குவளையில் விரலை நனைத்து அவன் நாக்கில் வைத்தேன். "தண்ணின்னா தண்ணின்னு சொல்லுடா ராசா." சப்புக்கொட்டினான்.

இரண்டாவது குவளையில் விரலை விட்டேன். நெடியே இல்லை. விரலை நக்கினேன். பச்சைத் தண்ணீர்.

கூட்டம் காத்திருந்தது. 'ஜின்னுன்னா ஜின்னுன்னு சொல்லு' என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் சடங்கு நல்லபடியாக முடியும். உண்மையைச் சொன்னால் அபசகுனம் என்று அக்கா உடைந்துபோவாளோ? உண்மை பேசு என்று சொல்லிக்கொடுக்கிற சொட்டிலேயே பொய்யை எப்படி வைப்பேன்?

"இதுவும் தண்ணிதான்," என்றேன்.

எல்லாரும் பாடுவைப் பார்த்தார்கள். "நான் குடிக்கலப்பா!" என்று அவன் பதறினான்.

ஒஃபோசு தலையைக் குனிந்தார். "நான்தான். பச்சைப் பிள்ளை வாயில சாராயம் படக்கூடாதுன்னு பாட்டிலைக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்தினேன்."

பாடு சிரிக்க வாயைத் திறந்தான். அக்கா அவனை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளின் முகம்.

"கடவுளா குடுத்தாரு இவனை? சொல்லுடி."

"தெரியலக்கா. இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேன்."

"அதையே அவன் காதுல சொல்லு."

சொன்னேன். ஒஃபோசு வெளியே போனார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குவளை ஜின்னை அவரே இரவல் வாங்கிவந்து என்னிடம் நீட்டினார். முகர்ந்து பார்த்தேன். நெடி கண்ணில் நீர் வரவழைத்தது.

"ஜின்னுன்னா ஜின்னுன்னு சொல்லு, பெஜினா." பெஜினா என்றால் 'வந்து எங்ககூடவே நில்லு' என்று பொருள். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில்தான் அந்தப் பெயரை வைப்பார்கள்.

சொட்டு பட்டதும் முகத்தைச் சுளித்து வீறிட்டான். கடவுள் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அவன் இருக்கிறான் என்பது அந்தத் தெருவுக்கே கேட்டது.